பேய்க்கு ஆள் இல்லாத படம்

வீடியோக் கசற் ஈரமாக இருந்தது. பெர்னடெட் அதைச் சட்டை விளிம்பால் துடைத்தாள். மறுபடியும் நீர் பூத்தது. கரையொதுங்கி அழுகிய சாதாளைக் கடற்புல்லின் வாடை.

"வேர்வையாக்கும்," என்றான் சிமியோன். "மடியுக்கை வைச்செல்லோ கொண்டுவந்தனான்."

"ஒரு போத்தல் வேர்வையோ?"

குருநகர் இளைஞர்கள் வைத்த படப் போட்டிக்கு அவள்தான் நடுவர். அந்தத் தெருவின் முதல் பட்டதாரி. வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை. கடைசியாக மிஞ்சியது சிமியோனின் பேய்ப்படம். தையில் அவளைக் கட்டப்போகிறவன். "முகம் பார்த்துப் புள்ளி போடமாட்டன்," என்று முதலே சொல்லிவிட்டாள்.

சண்டையில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். வெளியே ஜெனரேற்றர் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக் கத்தியது. யன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டுச் சிமியோன் பட்டப்பகலை வெளியே நிறுத்தியிருந்தான். ரீவியில் பாழ்வீடு, ஆடும் கதவு, பிறகு கடலேரிக் கரை, காற்று. அந்தக் காற்றுக்குள் முகத்தை மறுபக்கம் திருப்பியபடி ஒரு பெண்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. கிழிந்த பொக்கற்றில் சிவப்பு நூல் தையல்.

அந்தத் தையலைப் போட்டவள் பெர்னடெட். சட்டை தங்கச்சி றோஸினுடையது. போன வருடம் கடலேரி கொண்டுபோனவள். உடலும் கிடைக்கவில்லை, சட்டையும் கிடைக்கவில்லை. அன்றைக்குத் தான் அச்சுவேலியில் கலியாணவீடு படமெடுத்ததாகச் சொன்ன சிமியோன், மூன்று நாள் தண்ணீரில் இறங்கித் தேடினான். அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதான்.

"பேயாய் நடிச்சது ஆர்?"

"பேயோ?" அவன் சிரித்தான். "ஆள் பிடிக்க எங்காலை காசு? வெறுங் காத்தும் சத்தமும்தான். அதிலைதானடி என்ரை கெட்டித்தனம்!"

திரையில் நின்ற பெண் அவனுக்குத் தெரியவில்லை.

'வணக்கம்' என்று எழுத்து விழுந்து படம் முடிந்தது. திரை நடுங்கியது. கசற் தட்டுப்பாட்டில் எல்லோரும் பழைய பதிவுக்கு மேல்தான் எடுத்தார்கள். புதியது முடியுமிடத்தில் பழையது தலைகாட்டும். சிமியோன் அதை மறந்துவிட்டான்.

அதே கரை. அதே சட்டை. இடுப்பளவு தண்ணீரில் றோஸ்.

"இன்னும் கொஞ்சம் உள்ளை போ. பயப்பிடாதை, நான் நிக்கிறன்தானே." சிமியோனின் குரல்.

"அத்தான், கால் புதையுது."

சிரிப்பு. நெஞ்சளவு. கழுத்தளவு. "அத்தான்!" படம் ஆடவேயில்லை.

சிமியோன் பாய்ந்துபோய் வீடியோ டெக்கின் நிறுத்தும் பொத்தானை அமத்தினான். நிற்கவில்லை.

"அச்சுவேலியிலை நிண்டனான் எண்டாய்."

"பெர்னா... கமரா இரவல். தண்ணி பட்டா நான் என்ன சொல்லுறது?"

கமரா.

வெளியே ஜெனரேற்றர் நின்றது. ரீவி நிற்கவில்லை.

திரையில் வெறும் தண்ணீர். பிறகு தலை. தோள். றோஸ் எழுந்து நேரே நடந்து வந்தாள். சிவப்புத் தையல் திரை முழுவதையும் மூடியது.

விலகியபோது கரை இல்லை. சாக்குத் தொங்கும் யன்னல். இந்த அறை. சிமியோனின் முதுகு.

அந்த முதுகு கிட்ட வந்தது.

அறைக்குள், அவனுக்குப் பின்னால், சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம்.

"பயப்பிடாதேங்கோ அத்தான். நான் நிக்கிறன்தானே."

"பெர்னா!"

பெர்னடெட் அசையவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை. அங்கே, நகங்களுக்குள் சேறு அடைந்த ஐந்து விரல்கள் அவன் தோளில் படிந்தன. அவன் சட்டையில் ஈரம் மெல்லப் பரவியது. படம் ஆடவேயில்லை.