மேலூர்க் கதவு

மேசையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஈரமெல்லாம் மேசைக்குக் கீழேதான் இருந்தது.

புளோறன்ஸ் குனிந்து பார்த்தாள். சாப்பாட்டு மேசையின் நாலு கால்களுக்கும் நடுவே, மரத்தரையில், ஒரு பாயை விரித்த அளவுக்குக் கறுத்த தண்ணீர் தேங்கி நின்றது. நேற்றும் துடைத்தாள், இன்று காலையும் துடைத்தாள். அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் போகவில்லை, கூரை ஒழுகவில்லை, ஆறு வயது எமிலி எதையும் ஊற்றி வைக்கவும் இல்லை. துணியை முக்கி வாளிக்குள் பிழிந்தபோது எழுந்த மணம் அந்த வீட்டுக்குச் சொந்தமில்லாத மணம்: வெகுகாலம் வெயில் படாத சேறும், அழுகிய நாணலும், நனைந்த கம்பளியும் கலந்த ஒரு வாடை. யன்னலுக்கு வெளியே, ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்கு இறங்கும் சரிவில், மார்கழிப் பொழுது பின்னேரத்தோடேயே கருகிப்போயிருந்தது.

"எல்லாம் அவளாலை வந்த தரித்திரம்," என்றாள் வாளியைப் பார்த்து.

அவள் என்றால் றொஷானி, புளோறன்ஸின் ஒரே தங்கை. இந்த மூன்று நாலு மாதமாக அடுப்பில் சோறு அடிப்பிடித்தாலும் றொஷானிதான் காரணம். கோடையில் ஒருநாள், சொல்வழி கேட்காத எமிலியின் பின்னங்காலில் புளோறன்ஸ் அகப்பைக் காம்பால் அடித்திருந்தாள். பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப்போன றொஷானி தழும்பைக் கண்டாள். கண்டவள் பள்ளிக்கூடத்துத் தாதியிடம் சொன்னாள். பிள்ளைகள் நலனைப் பார்க்கும் அந்நாட்டு அரச அலுவலகமான பார்னவேர்னிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள், மரியாதையாகக் கதைத்தார்கள், சில தடவை வந்துவிட்டு, இனி வரத் தேவையில்லை என்று கைகொடுத்துப் போனார்கள். அவர்களைப் புளோறன்ஸ் மன்னித்துவிட்டாள். கூடப் பிறந்தவளை மன்னிக்கவில்லை. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது தமிழ்ச் சனம் தன்னைப் பார்த்த பார்வையை அவள் ஒவ்வொரு இரவும் எடுத்துத் துடைத்து மினுக்கி வைத்தாள்.

"அக்கா, இனிப் பிள்ளைக்கு அடியாதேங்கோ" என்று அதற்கு முன் றொஷானி இரண்டு தரம் கெஞ்சிக் கேட்டிருந்ததை மட்டும் அவள் யாருக்கும் சொன்னதில்லை. ஒரு கோப்பை தேத்தண்ணியில் கரைந்திருக்கக்கூடிய கோபம்தான். ஊற்றத்தான் ஒருவரும் எழும்பவில்லை.

அந்த மேசை வந்தது இலையுதிர் காலத்தில். அவளுடைய கணவன் ஆன்ட்ரியாஸ் லில்லெஸ்ட்ரோமில் ஒரு மரப்பட்டறையில் வேலை செய்கிறான். கூட வேலை செய்யும் உல்ரிஹ் என்ற ஜெர்மன்காரன், தன் ஊர்க் கோயிலுக்குப் புதுக் கதவு போட்டபோது கழற்றி எறிய இருந்த பழைய கதவைக் கொண்டுவந்து கொடுத்தான். கருவாலி என்ற ஓக் மரப் பலகை. ஆன்ட்ரியாஸ் அதைப் படுக்கவைத்து, சட்டம் அடித்து, கால்கள் பூட்டி மேசையாக்கிவிட்டான். கதவின் உட்பக்கம் மேலே, வெளிப்பக்கம் தரையைப் பார்த்து. கையளவு தடித்த இரும்புத் தாழ்ப்பாளை அழகுக்காக அப்படியே விட்டிருந்தான்.

"எழுநூறு வருசத்து மரமாம். எங்கடை கலியாணத்தைவிட உறுதி," என்று சிரித்தான்.

"கோயில் கதவிலை மீன்குழம்பு வைச்சுத் தின்னிறதோ? உங்களுக்கு விசரே?"

"அப்ப தோய்ச்சுத் துடைச்சுப்போட்டுத் தின்."

சாப்பிட வந்த உல்ரிஹ் அந்த மேசையில் முழங்கையை ஊன்றவில்லை. கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தான். எமிலி கேட்டதால்தான் ஊரைப் பற்றிச் சொன்னான். வைடன்ரோட் என்று பெயர். ஒடுங்கிய பள்ளத்தாக்கு. நடுவில் ஒரு பாறை மேடு, அதன் உச்சியில் கோயில், கோயிலைச் சுற்றி மேலூர். மேட்டின் காலடியை ஓடை ஒன்று அரிவாள்போல வளைத்து ஓடும். அந்த வளைவுக்குள், சதுப்பில், கீழூர். இப்போது கீழூர் இல்லை. புல்வெளிதான். மழை பெய்தால் வீடுகள் இருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாகக் கறுக்கும்.

"வெகு காலத்துக்கு முன் ஒரு மார்கழியில், திடீரென்று பனி இளகி ஓடை ஊருக்குள் வந்தது. கீழூரார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். மேலூரார் கோயிலுக்குள் இருந்து இந்தத் தாழ்ப்பாளைப் போட்டார்கள்."

"ஏன்?" என்று கேட்டவள் புளோறன்ஸ்.

"மேலூரார் எல்லைக் கல்லை இரவில் தள்ளி நட்டிருந்தார்கள். கீழூரில் ஒருத்தன் அதை நிலப்பிரபுவின் ஆளிடம் போய்ச் சொல்லிவிட்டான்."

"பொய் சொன்னானா?"

"இல்லை. உண்மைதான் சொன்னான்," என்றான் உல்ரிஹ். "அதனால்தான் அவ்வளவு கோபம்."

பிறகு மெதுவாகச் சொன்னான்: தட்டுவது காதில் விழாதபடி உள்ளே இருந்தவர்கள் விடியும்வரை உரத்து வேதாகமச் சங்கீதம் பாடினார்களாம். இரவோடிரவாகக் குளிர் திரும்பி, நனைந்து வந்தவர்கள் நின்ற இடத்திலேயே உறைந்தார்கள். விடிந்து தாழ்ப்பாளை இழுத்தால், கதவு வெளியே அசையவில்லை. வெளியில் உறைந்தவர்களின் கைகள் அதில் ஒட்டியிருந்தன.

ஆன்ட்ரியாஸ் அன்றைக்கே மேசையை வெளியே தூக்கிப்போடவா என்று கேட்டான். புளோறன்ஸ்தான் மறித்தாள். நல்ல மேசை என்றாள்.

இப்போது வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தபோது தொலைபேசி அடித்தது. ஆன்ட்ரியாஸும் எமிலியும் நத்தார்ப் பாட்டுப் பயிற்சிக்கு ஸ்ட்ரோம்மன் போயிருந்தார்கள்.

"ரயில் ஒண்டும் ஓடேல்லை. குளிருக்குத் தண்டவாளத்திலை ஏதோ பிழையாம். நாங்கள் இஞ்சை செபஸ்ரியன் அண்ணை வீட்டிலை நிக்கிறம்," என்றான். கொஞ்சம் தயங்கினான். "இஞ்சை பார், றொஷானி வந்த ரயிலும் ஹவுகெட்டோவிலை நிண்டுட்டுதாம். பஸ்ஸும் இல்லை. ரெலிபோனிலை சார்ஜ் முடியுது எண்டு சொல்லேக்கையே கட்டாப்போச்சு. அங்கைதான் நடந்து வாறாள்."

"இஞ்சை ஏன் வாறாள்?"

"வேறை எங்கை போவாள்? மைனஸ் இருபது பாகை குளிர். வேலைக்குப் போட்ட மெல்லிய சப்பாத்தோடை நிக்கிறாள். உன்ரை கோபத்தை நாளைக்குப் பிடி. இண்டைக்குக் கதவைத் திற."

"அவள் இந்தப் படி மிதிக்கக்கூடாது எண்டு நான் மாதாவுக்கு முன்னாலை சொன்னது சொன்னதுதான்."

"மாதா உன்னட்டை அப்பிடிக் கேட்டவவோ?"

அவள் தொலைபேசியை வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மலைக்குடிசைக்குப் போய்விட்டார்கள். எதிர்வீட்டிலும் வெளிச்சமில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாசல் விளக்கை அணைத்தாள்.

பிறகு மேசையில் வந்து இருந்து, செபமாலையைக் கையில் எடுத்தாள்.

முதல் தட்டல் கேட்டபோது அவள் இரண்டாவது காரணிக்கத்தில், அந்தப் பத்து மணிகளின் நடுவே, நின்றாள். மெல்லிய தட்டல். கையுறை போட்ட விரல்களின் தட்டல்.

"அக்கா. நான்தான்."

புளோறன்ஸ் அருள்நிறை மந்திரத்தைக் கொஞ்சம் உரத்துச் சொன்னாள்.

"அக்கா, வாசல் அறைக்குள்ளை மட்டும் நிக்கிறன். உங்களோடை கதைக்கமாட்டன். காலுக்கு உணர்ச்சியே இல்லை அக்கா."

அவள் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் சரிந்தது. "போய்ச் சொல்லு!" என்று கத்தினாள். "அக்கா கதவு திறக்கேல்லையெண்டு ஆரிட்டையாவது போய்ச் சொல்லு! உனக்குத்தான் வடிவாச் சொல்லத் தெரியுமே!"

வெளியே சப்பாத்து ஒன்று பனியில் நெரிபட்டது.

"சொல்லமாட்டன் அக்கா," என்றது குரல்.

அந்த ஒரு சொல்லுக்கே எழும்பிப் போயிருக்கலாம். முன்கதவுக்கு நாலு எட்டுத்தான். புளோறன்ஸ் கதிரையை நிமிர்த்தி மறுபடி இருந்தாள். செபத்தை இன்னும் உரத்துச் சொன்னாள். தட்டல் தொடர்ந்தது. அவள் குரலை உயர்த்த உயர்த்தத் தட்டல் தாழ்ந்தது; தாழத் தாழ, அது முன்கதவுப் பக்கமிருந்து வருகிறதா என்பதே அவளுக்குச் சந்தேகமாயிற்று. மணிகளை உருட்டிய விரல்களுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. ஒருதரம். பிறகு இன்னொருதரம். மேசையில் வைத்திருந்த கண்ணாடிக் குவளையின் தண்ணீரில் வட்டம் விழுந்து விரிந்தது.

அவள் செபத்தை நிறுத்தினாள்.

கால்விரல்களுக்கிடையில் ஏதோ குளிர்ந்து ஏறியது. தண்ணீர். துடைத்த தரையில் மறுபடியும் தண்ணீர். சேற்று மணம்.

டொக். முழங்கைக்கு நேர் கீழே.

டொக். தட்டு வைக்கும் இடத்தில்.

பலகையை உள்ளங்கையால் தொட்டாள். மறுபக்கத்திலிருந்து யாரோ உள்ளங்கை வைத்ததுபோல அது சில்லென்று குளிர்ந்தது.

அப்போதுதான் ஓடினாள். முன்கதவின் பூட்டை முறுக்கினாள். திறந்தாள். இருட்டு, மூக்கைக் கடிக்கும் குளிர், வெறும் படி. "றொஷானி!" தெருவிளக்கின் வெளிச்சத்தில் பனிமேல் சப்பாத்துத் தடங்கள் வந்திருந்தன. ஒழுங்கையிலிருந்து வாசல்வரை, ஒரு காலை இழுத்து இழுத்து. வாசலில் முடிந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றும் இல்லை. கதவின் வெளிப்பக்கத்தில், முழங்கால் உயரத்தில், விரல்கள் வழுக்கி இறங்கிய நாலு கோடு உறைபனியில் தெளிவாகத் தெரிந்தது.

"றொஷானி! வா பிள்ளை! வா, திறந்திட்டன்!"

படியில் ஒரு காலை வைத்து ஒழுங்கையை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா."

குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. வீட்டுக்குள்ளிருந்து.

புளோறன்ஸ் திரும்பி நடந்தாள். தண்ணீர் இப்போது கணுக்காலைத் தொட்டது. மேசைக்கு முன் முழங்காலில் விழுந்து கீழே பார்த்தாள். நாலு கால்கள். கீறல் விழுந்த பலகை. வேறொன்றும் இல்லை.

"அக்கா, திறவுங்கோ." பலகைக்குள்ளிருந்து. வெகு தூரத்திலிருந்து.

எழுந்தாள். மேசைத் தாழ்ப்பாளில் இரண்டு கையையும் வைத்தாள். இரும்பு தோலைப் பிடித்துக்கொண்டது. இழுத்தாள். அசையவில்லை. "மாதாவே, நான் பாவி, என்ரை தங்கச்சி" என்று அழுதபடி இழுத்தாள். தோல் உரிந்தது. தாழ்ப்பாள் கத்திக்கொண்டு நகர்ந்தது.

சட்டத்தோடு ஆன்ட்ரியாஸ் முறுக்கிய ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. மேசை திறந்தது.

மேல்நோக்கி. ஒரு சாண்.

குளிர் வந்தது. பிறகு கைகள் வந்தன.

"கையைத் தா றொஷானி! கையைத் தா!"

விளிம்பு முழுக்கக் கைகள். நீலம் பாரித்தவை. நகங்களில் சேறு உறைந்தவை. பெரியவர்களின் கைகள். குழந்தைகளின் கைகள். தங்கையின் கை எது? அவள் ஒன்றைப் பற்றினாள். அது அவளை இறுகப் பற்றியது.

"அக்கா," என்றது ஒரு கிழவனின் குரல்.

"அக்கா," என்றது ஒரு குழந்தை.

"அக்கா. அக்கா. அக்கா."

அவளால் கையை உருவ முடியவில்லை. கதவு இன்னும் உயர்ந்தது. உள்ளே, வீட்டுத் தரை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பாறைச் சரிவு கீழே கீழே இறங்கிப் போனது. சரிவு நிறைய முகங்கள். எல்லாம் நிமிர்ந்து அவளையே பார்த்தன. எல்லாருடைய வாயும் அசைந்தது.

அவர்கள் எல்லோருக்கும் பின்னால், வெகு கீழே, கண்ணுக்கு எட்டாத இருட்டில், கதவு திறந்தது தெரியாமல், கையுறை போட்ட விரல்களால் ஒருத்தி இன்னும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.