மூன்றாவது சிவப்பு

பாலக்கரை பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் கைக்கெட்டாத தூரத்தில் தள்ளித் தள்ளி நின்றார்கள். சவரிமுத்துவும் அப்படித்தான் நின்றார், எல்லோரையும் போல மணிக்கட்டில் ஒப்பப்பட்டையோடு. முன்பின் தெரியாதவருக்கு உதவ வேண்டுமானால் இருவரும் பட்டையை அழுத்திச் சம்மதம் சொல்ல வேண்டும். உதவுகிற சாக்கில் நடந்த மோசடிகள் கொஞ்சநஞ்சமா? சட்டம் வந்தபோது சவரிமுத்துவே கைதட்டியவர்தான்.

ஒப்பமில்லாமல் உதவினால் பட்டையில் ஒரு சிவப்பு ஏறும். மூன்று ஏறினால் பட்டை முடங்கிவிடும். ஒரு மாதத்துக்கு எந்தப் பொதுக்கதவும் திறக்காது. அவருக்கு ஏற்கெனவே இரண்டு. யாரோ தவறவிட்ட குடையை எடுத்துக் கொடுத்ததற்கு ஒன்று, ஓடிவந்தவளுக்காக லிஃப்ட் கதவைப் பிடித்ததற்கு ஒன்று. அறுபது வயதாகியும் இந்தக் கை அடங்குவேனா என்கிறது. இன்று பத்து மணிக்கு மனைவி லூர்துவுக்கு இருதய அறுவை சிகிச்சை. "உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி உங்க மூஞ்சியப் பாத்துரணும்" என்று நேற்றே சொல்லியிருந்தாள்.

வெயில் தாங்காமல் ஒரு பெரியவர் சுருண்டு விழுந்தார். ஐந்தாறு பேர் பதறி ஓடிவந்தார்கள். வந்து, பட்டையை நீட்டியபடி சுற்றி நின்றார்கள்.

"ஐயா, ஒப்பம் குடுங்கய்யா. ஒரு தடவ அழுத்துனாப் போதும்."

"மயங்கிக் கெடக்காருங்க, எப்படி அழுத்துவாரு?" சவரிமுத்துவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"அதான் கேட்டுக்கிட்டே இருக்கோமே சார்" என்றாள் ஒரு பெண், அழாத குறையாக.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் அவருக்கு ரொம்ப அலுப்பாக இருந்தது. பெரியவருக்கு மூச்சு அடைத்து, வாயில் நுரை தள்ளியது. "மன்னிச்சிரு லூர்து" என்று முனகிக்கொண்டே சவரிமுத்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைத் துடைத்துவிட்டார். மூச்சு திரும்பியது. பட்டையில் மூன்றாவது சிவப்பு ஏறியது. ஆம்புலன்ஸ் வந்து பெரியவரை ஏற்றிக்கொண்டு போனது. பின்னால் வந்த பேருந்து சவரிமுத்துவுக்குக் கதவைத் திறக்கவில்லை.

மூன்று மைல் நடந்து மருத்துவமனை வாசலுக்கு வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. கண்ணாடிக் கதவு அசையவில்லை. கதவுக்கு ஆள் வைத்த காலமெல்லாம் போய்விட்டது.

பின்னால் வந்த பச்சைச் சேலைக்காரி அவருடைய பட்டையைப் பார்த்தாள். முடங்கிய பட்டையால் ஒப்பம்கூடத் தர முடியாது என்பது அவளுக்கும் தெரியும். தன் பட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தவள், நிலையிலேயே நின்று அதைத் தோளால் தாங்கிப் பிடித்தாள்.

"போங்கண்ணே, சீக்கிரம்."

சவரிமுத்து அசையவில்லை. யார் இவள்? எனக்கு எதற்கு இதைச் செய்கிறாள்? உள்ளே போனதும் என்ன கேட்பாள்? கை தானாகப் பர்ஸைத் தடவிக்கொண்டது.

"ஏண்ணே நிக்கிறீங்க?"

யோசித்து முடிப்பதற்குள் கதவு அவளை உள்ளே தள்ளி மூடிக்கொண்டது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. "வரேம்மா, இதோ வரேன்" என்று கண்ணாடியைத் தட்டினார். அந்தப் பக்கம் அவள் பட்டையை மறுபடி மறுபடி கதவில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் இப்போது மூன்று சிவப்பு.