நுரை அடங்காத தண்ணீர்

சோப்பு நுரைத்தது. அதுதான் முதலில் தப்பாகப் பட்டது.

அந்த ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. எவ்வளவு தேய்த்தாலும் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக உடம்பில் ஒட்டுமே தவிர, நுரை என்று ஒன்று எழும்பாது. குளித்துவிட்டு வந்தால் தோல் இழுத்துப் பிடிக்கும், தலைமுடி துடைப்பக்குச்சியாக நிற்கும், குழாய்க் கழுத்தெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். வீடு வீடாகப் போய் வாட்டர் ஹீட்டரைக் கழற்றி, உள்ளே சுருள் கம்பியில் கல்லாக ஏறியிருக்கும் சுண்ணாம்பு உப்பைச் சுரண்டி எடுப்பதுதான் அவன் தொழில். ஊரில் அவனுக்கு உப்புக்காரன் என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்பேர்ப்பட்டவன் அன்று காலை முகத்துச் சோப்பைக் கழுவுகிறான், கழுவுகிறான், போகவே மாட்டேன் என்கிறது. கன்னத்தில் விரல் வழுக்கியது. தண்ணீர் தோல்மேல் ஓடின மாதிரி இல்லை. ஏதோ நாக்கால் தடவிப் பார்த்த மாதிரி இருந்தது.

"போர் தண்ணிய நிறுத்திட்டு வேற எங்கிருந்தோ எடுத்து விடறாங்களாம்" என்றாள் மனைவி. "இனிமே உங்க பொழப்புல மண்ணுதான்."

"விழுந்தா விழுந்துட்டுப் போவுது. என் முடியத் தொட்டுப் பாரேன், பட்டு மாதிரி!" என்று தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள் அக்கா. கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். நெடுநாள் முட்டிவலிக்காரி. அவள் நடந்தால் முட்டி இரண்டும் டக்கு டக்கென்று சத்தம் போடும். "அண்ணிக்குக் கொலுசே வேண்டாம்" என்று மனைவி கேலி செய்வாள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

சில நாளில் குழாயிலிருந்த வெள்ளை காணாமல் போனது. பழைய வாளி புத்தம்புதிதாக மின்னியது. மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனும் சந்தோஷப்படத்தான் பார்த்தான். ஆனால் ராத்திரி பகல் பாராமல் சுவருக்குள் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மாறியிருந்தது. முன்பெல்லாம் கரகரவென்று இருமிக்கொண்டு வரும் தண்ணீர், இப்போது சத்தமே இல்லாமல், சப்புக்கொட்டுவது போல மெல்ல மெல்ல வந்தது.

வக்கீலம்மா வீட்டில் ஹீட்டர் பார்க்கக் கூப்பிட்டார்கள். திறந்தான். போன தடவை உளி வைத்து அடித்தும் பெயராத உப்பு அதில் துளிகூட இல்லை. கம்பி கடையில் வாங்கியது போலப் பளபளத்தது. எழுந்திருக்கச் சுவரில் கை ஊன்றினான். டைல்ஸ் கையோடு வந்துவிட்டது. அதன் பின்னால் சிமெண்ட் இல்லை. ஈர மணல்தான் பொலபொலவென்று கொட்டியது.

"அதை விடுப்பா" என்றார் வக்கீலம்மா, வாயைக் கையால் மூடியபடி. கோர்ட்டே அதிரப் பேசுகிறவர். இப்போது வார்த்தைகள் குழைந்து வந்தன. "கீழ்ப் பல்லு பூரா ஆடுது. நேத்து ஒண்ணு சாப்பாட்டோட உள்ள போயிடுச்சு. வலியே இல்லப்பா. அதான் பயமா இருக்கு."

திரும்பும் வழியில் பல் டாக்டர் வாசலைப் பார்த்தான். கூட்டம் தெருவரைக்கும் நின்றது. எல்லாரும் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் மனைவி அடுப்படியில் அசையாமல் நின்றிருந்தாள். பாத்திரத்தில் வேகப் போட்ட முட்டைகள் வழவழவென்று, ஓடு இல்லாமல் உருண்டுகொண்டிருந்தன.

"உரிச்சிட்டியா?"

"நான் தொடவே இல்லீங்க."

பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்தான். ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக உப்பைக் கக்கிக்கொண்டிருந்த தண்ணீர், இப்போது கண்ட இடத்தில் எல்லாம் சுண்ணாம்பைத் தின்றுகொண்டிருந்தது. குழாயில் தீர்ந்துவிட்டது. சுவரில் தீர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்தது?

"ரெண்டு துணிய எடுத்து வை. உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம். ஒரு சொட்டு வாயில வைக்காத. அக்கா எங்க?"

"குளிக்கறாங்க. காலைலேர்ந்து."

அக்கா கூடத்துக்கு வந்து நின்றதை அவன் பார்த்தபிறகுதான் தெரிந்துகொண்டான். டக்கு டக்கு இல்லை. ஈரத்துணியைத் தரையில் போட்டு எடுப்பது போல ஒரு சத்தம் மட்டும். கதவு நிலையில் சாய்ந்திருந்தாள். சாய்ந்த தோள், நிலையின் விளிம்புக்கு ஏற்றபடி வளைந்திருந்தது.

"வலி போயே போச்சுடா. பாத்ரூம் டப்புல உக்காந்தா எழுந்திருக்கவே மனசு வரல."

"அக்கா, அந்தத் தண்ணி வேணாம். வா, கிளம்பலாம்."

முழங்கையைப் பிடித்தான். விரல்கள் அமுங்கின. இன்னும் அமுங்கின. சதைக்கு நடுவே அவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுக்கொண்டன. சட்டென்று கையை எடுத்தான். பள்ளம் அப்படியே நின்றது, பிறகு மெதுவாக நிரம்பியது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி முழிக்கற? பசிக்குதுன்னா சாப்பிடு" என்று சிரித்தாள். வாய்க்குள் பல் இல்லை. "டப்பு நிறைஞ்சிருக்கும். இதோ வந்துடறேன்." பாத்ரூம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அவன் மாடிக்கு ஓடினான். தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திருகி மூடினான். இன்னொரு தடவை திருகினான். கீழே மனைவி பையோடு வாசலுக்குப் போய்விட்டாள், அவள் கூப்பிட்ட வண்டியும் வந்துவிட்டது. இறங்கி வந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. சுவர்களுக்குள் எதுவும் ஓடவில்லை. பொழுது சாய்ந்த வெளிச்சத்தில் பாத்ரூம் கதவு மட்டும் கறுப்பாக நின்றது.

"அக்கா. தாழ்ப்பாளத் திற."

"எட்டலடா."

குரல் கீழேயிருந்து வந்தது. தரையோடு தரையாக.

"எழுந்து நின்னு திற, அக்கா."

"எதை வெச்சுடா எழுந்திருக்கறது?" சிரித்தாள். அந்தச் சிரிப்பு நகர்ந்தது. டப்பின் பக்கமிருந்து கதவின் பக்கமாக. ஈரத்துணி இழுபடும் சத்தம். நின்றது. "நீ கதவ உடைக்காத. நானே வரேன்."

கதவுக்குக் கீழே இடைவெளி. ஒரு சீப்பு நுழையும், அவ்வளவுதான்.

முதலில் விரல்கள் வந்தன. நகம் தரையில் கீறியது. பிறகு உள்ளங்கை, தட்டையாக. மணிக்கட்டு. முழங்கை. அது முழங்கை மாதிரி மடங்கவில்லை.

வெளியே ஹாரன் அடித்தது. "என்னங்க! அண்ணி வராங்களா?"

அவன் கதவின் முன் குனிந்தான்.

தோள் வந்தது. நனைந்த முடி வந்தது. நெற்றி. அகன்று, மெலிந்து, தரையில் பரவிய நெற்றி. பிறகு ஒரு கண். அது அவனை நிமிர்ந்து பார்த்தது. பாசமாக.

"கொஞ்சம் பிடிச்சு இழுத்து விடுடா, தம்பி."

கை அவனை நோக்கி நீண்டது. சின்ன வயதில் ரோடு தாண்டும்போதெல்லாம் பிடித்துக்கொண்ட கை.

அவன் பிடித்தான். இழுத்தான்.

அக்கா வந்தாள். வந்துகொண்டே இருந்தாள்.