முத்திரை அசல், பெயர் வேறு

காலையிலிருந்து தென்காசி மாவட்டத்தின் இதயங்கள் கட்டளை நிலையத்தை நம்ப மறுத்தன.

நோயாளியின் மார்புக்குள் இருந்து துடிப்பைச் சீராக்கும் இதயக்கடிவாளம் மணிக்கொரு முறை நிலையத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். நிலையம் தன் சான்றை நீட்டும். முத்திரை அசல்தானா, சான்றில் இருப்பது தான் கூப்பிட்ட பெயர்தானா என்று கடிவாளம் பார்க்கும். இரண்டும் சரியென்றால்தான் துடிப்பின் வேகத்தை மாற்ற விடும். நேற்று நிலையத்துக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். பலகை மாறியது, கடிவாளங்களுக்கும் சொல்லியாயிற்று. சான்று மட்டும் பழைய பெயரிலேயே கிடந்தது.

"புதுச் சான்றை வெள்ளிக்கிழமை விழாவுல அமைச்சர்தான் வாங்கணும். பந்தக்காலே நட்டாச்சு," என்றார் இயக்குநர் முத்தையா. "அதுவரைக்கும் பெயர்ச் சரிபார்ப்பை அணைச்சு வைங்கம்மா. முத்திரை அசலாத்தானே இருக்கு?"

"அசல் முத்திரை எல்லா ஆபீஸ்லயும்தான் இருக்கு, சார்," என்றாள் பொறியாளர் செல்வராணி.

"அதுக்குள்ள என்ன குடியா முழுகிரப் போகுது?"

பெயர் மாற்றத்துக்கென்று ஒரே ஒருமுறை தந்திருந்த அனுமதியைச் செலவழித்து அணைத்தாள். இதயங்கள் சமாதானமாயின.

மதியம் கணவன் ஜெபராஜ் அழைத்தான். அவன் மார்பிலும் ஒரு கடிவாளம் உண்டு.

"ஏட்டி, உக்காந்த எடத்துலயே கண்ணு சொருகுது. நாடி முப்பத்தெட்டுங்குது."

செல்வராணி பதிவைத் திறந்தாள். கடைசிக் கட்டளை, அணைக்கட்டு நீரேற்று நிலையத்திலிருந்து வழிதவறி வந்திருந்தது: 'நீர்மட்டம் குறைவு. வேகத்தைக் குறை.' முத்திரை அசல். மாவட்டம் முழுக்க இதே கதை.

பதறிப்போய்ப் பெயர்ச் சரிபார்ப்பை மறுபடி போட்டாள். பிறகு சரியான வேகத்தை அனுப்பினாள். 'பெயர் பொருந்தவில்லை' என்றது கடிவாளம். திருத்திவிட்டல்லவா கதவைச் சாத்தியிருக்க வேண்டும்! ஒருமுறை அனுமதியும் தீர்ந்துவிட்டதால், இப்போது சரிபார்ப்பை அணைக்கக்கூட அது பெயர் கேட்டது.

"தூங்கிராதீங்க. எதையாவது பேசுங்க."

"நீ வச்ச புளிக்கொழம்பைப் பத்திப் பேசவா? கோவத்துல நாடி ஏறும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாட்டிலுள்ள பெயர்களுக்கெல்லாம் சான்று தரும் சான்றகத்தைத் திறந்தாள். பெறுபவர் யார் என்று கேட்டது. அமைச்சரின் பெயரை எழுதினாள். கையில் இருந்ததோ அவளுடைய ஊழியர் முத்திரை. மறுக்கும் என்று தெரிந்தே அதைக் குத்தினாள்.

நிலையத்தின் புதுப்பெயரில் சான்று வந்துவிட்டது. கடிவாளங்கள் அதை ஏற்றன; அவள் அனுப்பிய வேகத்தையும்.

"அறுவத்திரெண்டு! என்னட்டி மாயம் பண்ணுன?"

அவள் சான்றகத்தின் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள்: 'முத்திரை அசல். பெயர்ச் சரிபார்ப்பு, சான்றகத் திறப்பு விழா வரை தற்காலிகமாக அணைக்கப்பட்டுள்ளது.'

அடியில் இருந்த தேதி, அவள் பிறப்பதற்கும் முந்தியது.