கிணற்றுக்கு வைத்த குழாய்

புது வீட்டில் பெயிண்ட் வாசனையும் மரப்பலகை வாசனையும்தானே வர வேண்டும்? மினாகோவின் குளியலறையில் ஊறி அழுகிய மீன் வாடை வந்தது. முதலில் தன் கைதான் நாறுகிறது என்று நினைத்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு குனிந்து, தண்ணீர் போகும் துளையின் மூடியைக் கழற்றினாள். மூடியின் அடியில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஏதோ அப்பியிருந்தது. முந்தாநாள்தான் அதைப் பழைய பல்துலக்கியால் மூலை மூலையாகத் தேய்த்திருந்தாள். சனியன், எங்கிருந்துதான் வருகிறதோ என்று முணுமுணுத்தபடி முகத்தை அருகே கொண்டுபோனபோது, துளையிலிருந்து ஒரு காற்று வந்து அவள் உதட்டில் பட்டது. வெதுவெதுப்பான, ஈரமான காற்று. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் நெற்றியில் தொங்கிய முடியை மெதுவாகத் துளைப் பக்கம் இழுத்தது.

வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

"ஃபேன் வேலை அது," என்றான் அவள் கணவன் தெத்சுரோ, அன்று சாயங்காலம் மிசோ சூப்பை உறிஞ்சியபடி. "வீட்டுக் காத்தை வெளிய தள்ளுற ஃபேன் நாள் பூரா ஓடுதுல்ல? வெளிய தள்ளுனா எங்கிருந்தாவது உள்ள இழுக்கணும். சாக்கடை ஓட்டையிலேர்ந்து இழுக்குது, அவ்வளவுதான். உன் மூக்கு இருக்கே, போலீஸ்ல சேர்த்தா நாய்ங்களுக்கெல்லாம் வேலை போயிடும்."

அந்த மூக்குதான் இந்த வீட்டையே வாங்க வைத்தது. அவர்கள் மகள் கொஹாருவுக்கு நாலு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே வந்த இளைப்பு இன்னும் விட்டபாடில்லை. மூச்சு உள்ளே போகும்போது இரண்டு குட்டி விசில், வெளியே வரும்போது ஒரு நீள விசில், கடைசியில் ஒரு விக்கல். பக்கத்து அறையில் படுத்திருந்தாலும் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே விழித்திருப்பாள் மினாகோ. வாடகை வீட்டின் பூஞ்சையால்தான் இப்படி என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இருவரும் சொந்த வீடு தேட ஆரம்பித்தார்கள்.

தெத்சுரோவுக்குப் பழைய வீட்டின் மேல்தான் கண். தரகர் இக்கோமா ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டையும் காட்டினார். முதலில், ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீடு. ஓட்டுக் கூரை, மூங்கில் புதர், பழ மரங்கள், பின்னால் கல் கட்டிய கிணறு. பிள்ளைகள் டோக்கியோவுக்குப் போய்விட, வாங்க ஆளில்லாமல் கிடந்தது. "இவ்ளோ பெரிய தோட்டம்! கொஹாரு ஓடி விளையாடலாம், நாம காய்கறி போடலாம்," என்று அவன் சின்னப் பையன் மாதிரி மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தான். மினாகோ உள்ளே போய்த் தரையில் பதித்திருந்த தத்தாமி வைக்கோல் பாயில் காலை வைத்தாள். பாய் சதசதவென்று அமுங்கியது. காலுறையைத் தாண்டி ஈரம் ஏறியது. பாயின் ஓரத்தைத் தூக்கினால் அடியில் கறுப்பாகப் பூஞ்சை, அதில் ஒரு பூரான் சோம்பலாக நெளிந்தது. சீச்சீ! சுவரிலிருந்து யாரோ கிழவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிற வாடை வந்தது. அவள் இடுப்பில் இருந்த கொஹாருவுக்கு அங்கேயே விசில் ஆரம்பித்துவிட்டது.

"செத்தாலும் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்," என்றாள்.

இரண்டாவதாகப் பார்த்தது இந்த வீடு. வரிசையாக ஆறு வீடுகள், எல்லாம் ஒரே வெள்ளை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், ஈரம் ஏறாத தரை. முற்றம் மட்டும் நாலு பாய் விரிக்கிற அளவு. ஒரு கார் நின்றால் மனிதர் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அந்த முற்றத்தில், கார் பின்பக்கமாக வந்து நிற்கும் இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறக் குழாய் தரையிலிருந்து முளைத்திருந்தது. தலையில் வளைவு.

சாவியைக் கொடுக்கும்போது இக்கோமா அதைக் காட்டினார். "இங்க முன்னாடி ஒரு பெரிய பழைய வீடு இருந்துச்சுங்க. அந்த நிலத்தைத்தான் ஆறாப் பிரிச்சுக் கட்டியிருக்காங்க. கிணறு உங்க பங்குல வந்திடுச்சு. பூசாரியைக் கூட்டிட்டு வந்து முறையா பூசை பண்ணித்தான் மூடினாங்க. கிணறு மூச்சு விடணும்ல, அதுக்குத்தான் இந்தக் குழாய். எங்கயும் உள்ள வழக்கம்தான், பயப்படாதீங்க. இதை மட்டும் எடுத்துடாதீங்க."

தலையாட்டினார்கள். கிணறு மூடினால் குழாய் வைப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? பெரிய தோட்டமாக இருந்திருந்தால் அந்தக் குழாய் ஒரு மூலையில் புல்லோடு புல்லாக நின்றிருக்கும், யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். இங்கே தெத்சுரோ காரைப் பின்னால் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அது இடித்தது. இடிக்கும்போதெல்லாம் அதன் வாயிலிருந்து குப்பென்று ஒரு வாடை கிளம்பி, துணி காயப்போடும் மினாகோவின் முகத்தில் அடித்தது. மே மாத விடுமுறையில் அவன் ரம்பத்தோடு குழாய் எதிரே குந்தி உட்கார்ந்து தலையைச் சொறிந்தான்.

"என்ன யோசனை? அதை முதல்ல மூடிடேன். வாடை அடிக்குது. குமட்டுது," என்றாள் மினாகோ.

"கிணத்துக்கு மூச்சு முட்டாதா?" என்று சிரித்தான்.

"என் பொண்ணுக்கே மூச்சு முட்டுது. கிணத்தைப் பத்தி எனக்கென்ன வந்துச்சு?"

குழாயைத் தரையோடு அறுத்தான். "சிமெண்ட் உள்ள விழாம அடைக்கணும், ஏதாச்சும் பழந்துணி குடு," என்று கையை நீட்டினான். அழுக்குக் கூடையின் மேலாகக் கிடந்தது கொஹாருவின் மஞ்சள் கைத்துண்டு. அன்று காலையில் குழந்தை இருமி இருமிச் சளி துப்பிய துண்டு, கெட்டியாகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துவைக்க வேண்டுமே என்று காலையிலிருந்தே அவளுக்கு அருவருப்பு. இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள். மழலையர் பள்ளிக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளிலும், செருப்பு முதல் சிறு கரண்டிவரை, பிள்ளையின் பெயர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்தத் துண்டின் மூலையிலும் அவளே சிவப்பு நூலால் பெயரைத் தைத்திருந்தாள். தெத்சுரோ அதைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்து, மேலே சிமெண்ட்டைப் பூசினான்.

அந்த வாரமே கொஹாருவின் விசில் நின்றுவிட்டது.

டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "புது வீடு நல்லா ஒத்துக்கிச்சு போலிருக்கே! நுரையீரல் சுத்தமா இருக்குங்க." மினாகோவுக்கு அழுகையே வந்துவிட்டது. பார்த்தாயா, என் மூக்கு பொய் சொல்லாது என்று தெத்சுரோவைக் குத்திக் காட்டினாள். பல மாதங்களுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினாள்.

மழைக்காலம் பிறந்தது. அப்போதுதான் குளியலறைத் துளையில் அந்த வாடை. பிறகு சமையலறைத் தொட்டியில். பிறகு, தண்ணீர்க் குழாயே இல்லாத மாடியில், கொஹாருவின் அறையில். கட்டிலுக்கு அடியில் தேடினாள். மெத்தையைப் புரட்டினாள். போர்வையை முகர்ந்தாள். இல்லை. குழந்தையை எழுப்ப அதன் முகத்தருகே குனிந்தாள்.

அங்கேதான்.

பிளந்திருந்த அந்தச் சின்ன வாயிலிருந்து வந்தது. அழுகிய இலை, பாசி, மீன் செதில். பல்லைத் தேய்த்தாள், நாக்கை வழித்தாள், எலுமிச்சைத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள். வழித்த துணியில் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று வந்தது. "அம்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை வாயைத் திறந்தபோது மினாகோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற பிள்ளையைப் பார்த்து அவளுக்குக் குமட்டியது. சே, நானெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் அடுத்த தடவையும் முகம் தானாகத் திரும்பிக்கொண்டது.

ஒரு நாள் சாயங்காலம் மழை விடாமல் பெய்தது. தெத்சுரோ காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. வழக்கம்போல் அவளும் கொஹாருவும் குளியல் தொட்டியில் உட்கார்ந்தார்கள். நீராவியில் வாடை கெட்டியாகத் தொங்கியது. மூடியைப் போட்டு, மேலே வாளியையும் கவிழ்த்து வைத்திருந்தும், தரைத் துளை மூச்சு விட்டது. வாளி கொஞ்சம் எழும்பும். படியும். எதிரே கொஹாருவின் மார்பும் எழும்பியது. படிந்தது. இரண்டும் ஒன்றாக. நாலு வயதுக் குழந்தை மூச்சு அப்படி வராது. அத்தனை நீளமாக, அத்தனை நிதானமாக.

கொஹாரு சிரித்துக்கொண்டே முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

விளையாட்டு என்று மினாகோ நினைத்தாள். காத்திருந்தாள். குமிழி வரவில்லை. "போதும் கொஹாரு." வரவில்லை. தண்ணீருக்கடியில் கண்கள் திறந்திருந்தன, அவளையே பார்த்தன. "போதும்னு சொல்றேன்ல!" தோளைப் பிடித்து இழுத்தாள். குழந்தை இருமவில்லை, திணறவில்லை. மூக்கிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. தோல் வெந்நீரில் இருந்தும் சில்லென்றிருந்தது.

"ஏம்மா கத்துற?" என்றது குழந்தை.

"உனக்கு மூச்சு முட்டலையாடி?"

"முட்டலையே. கொஹாருதான் கீழ இருமிக்கிட்டு இருக்கா."

அந்த ஊர்க் குழந்தைகள் தங்களைப் பெயர் சொல்லித்தான் சொல்லிக்கொள்ளும். அதனால் முதலில் உறைக்கவில்லை. துண்டை எடுக்கக் கை நீட்டியபோது உறைத்தது.

கீழே.

அரைகுறையாக உடுத்திக்கொண்டு ஓடினாள். செருப்பு போடவில்லை. கார் இல்லாத முற்றத்தில், சிமெண்ட் பூச்சின் மேல், ஓடில்லா நத்தைகள் வட்டமாக அப்பியிருந்தன. கையால் வழித்துத் தள்ளினாள். விரலிடுக்கில் பிசுபிசுத்தன. சுவரோரம் கிடந்த சுத்தியலை எடுத்து அடித்தாள். தெத்சுரோவின் அவசரப் பூச்சு பிஸ்கட் மாதிரி உடைந்தது. உள்ளே மஞ்சள் துணி தெரிந்தது. மஞ்சளில்லை இப்போது. பிடித்து இழுத்தாள். வரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. எதிர்ப்பக்கம் யாரோ பிடித்து உறிஞ்சுவதுபோல் உள்ளே போனது. இரண்டு கையாலும் இழுத்தாள்.

வந்துவிட்டது.

குப்பென்று எழுந்த நாற்றத்தில் கண் இருண்டது. வாயில் வந்ததைத் துப்பினாள். சளியும் சேறுமாகச் சொட்டிய துண்டின் மூலையில் சிவப்பு நூல் மட்டும் பளிச்சென்று இருந்தது. கொஹாரு. காதைக் குழாயின் வாயில் வைத்தாள். மழைச் சத்தம். தூரத்தில் ரயில். அப்புறம் ஆழத்திலிருந்து, மிக ஆழத்திலிருந்து, இரண்டு குட்டி விசில். ஒரு நீள விசில். ஒரு விக்கல்.

"கொஹாரு!"

விசில் நின்றது. பிறகு, மூச்சு கிடைக்காத குரலில், "அம்மா."

பின்னால் வெளிச்சம் மங்கியது. திரும்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குழந்தை நின்றிருந்தது, வாயைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு. மூச்சு விட்டது. கதவின் அடியிலிருந்து உச்சிவரை ஒரே மூச்சில் ஆவி படிந்தது.

கதவு நகர்ந்தது. ஈரக் கால்கள் முற்றத்தில் இறங்கின. கையில் துவைத்து மடித்த இன்னொரு துண்டு.

"அதை முதல்ல மூடிடேன், அம்மா," என்றது. "வாடை அடிக்குது. குமட்டுது."

குழாயின் வாயை இரு கையாலும் சுற்றிப் பிடித்தபடியே மினாகோ உடம்பைப் பின்னுக்கு இழுத்தாள். முதுகு மதில் சுவரில் இடித்தது. நாலு பாய் விரிக்கிற முற்றம்; நகர இடமில்லை. விரல்களுக்கடியில் விசில் மறுபடி ஆரம்பித்தது, ஒன்று, இரண்டு. குழந்தை எதிரே குந்தி உட்கார்ந்தது, துண்டை அவள் மடியில் வைத்தது, அவள் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்து மெதுவாக, மிக மெதுவாக, மூச்சை உள்ளே இழுத்தது.