முப்பத்தொரு வண்டிகளும் ஒரு குவளைத் தேநீரும்

அன்று வேட்பாளர்களின் மண்டைக்குள் பார்க்கும் நாள் என்பதால் கிழக்குக் கவிகையில் பள்ளிகளுக்கு விடுமுறை. முறுக்கும் மடக்கு நாற்காலியுமாக மக்கள் காலையிலேயே மைதானத்தில் இடம் பிடித்துவிட்டார்கள். மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் கழுத்துவலித் தைலம் விற்பவர்களும் வந்திருந்தார்கள்.

செவ்வாய்க் கோளில் மனிதர்கள் குடியேறி நூற்றுப்பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்ணாடிக் கூரை போட்ட ஊருக்குக் கவிகை என்று பெயர். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று, நடுவில் ஒரு பனிச்சுரங்கம். இரண்டு ஊருக்கு ஒரே தண்ணீர் என்றால் என்ன நடக்கும் என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டே நாள் போர் நடந்தது.

அந்தப் போரில் நடந்த இரண்டு சம்பவங்கள் எல்லோருக்கும் தெரியும். ஓர் அதிகாரி, மேலிடத்தின் பதிலுக்குக் காத்திராமல், நாற்பது ஊர்திகளோடு செம்பள்ளத்தாக்கில் இறங்கினார். ஒன்பது ஊர்திகள் திரும்பி வந்தன. இன்னோர் அதிகாரி பீரங்கி அறையில் இருந்தார். மேற்குக் கவிகையைச் சுடு என்று உத்தரவு வந்த பிறகும் நாற்பது நிமிடம் சுடவில்லை. அதற்குள் மேற்குக்காரர்களே சமாதானம் பேச வந்துவிட்டார்கள்.

இந்த இருவரும் யார் யார் என்பது மட்டும் ராணுவ ரகசியம். உடனிருந்த சிப்பாய்களின் தாடையில் வாய்ப்பூட்டுச் சில்லு பொருத்தியிருந்தார்கள். அந்த நாளைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே விக்கல் வரும்.

இப்போது அந்த இரண்டு அதிகாரிகளும்தான் தலைவர் பதவிக்குப் போட்டி. ஒருவர் மகுடேசன், மற்றவர் சௌந்தரவல்லி. “எங்கள் தலைவர் போரில் என்ன செய்தார் தெரியுமா?” என்று மூன்று மாதமாக இரு கட்சிகளும் கேட்டுக்கொண்டிருந்தன. யாருக்கும் தெரியாது என்பதால் விவாதம் தங்குதடையின்றி நடந்தது.

இதற்கு முடிவு கட்டத்தான் நினைவுப் பிழிவு என்ற ஏற்பாடு. போரில் பணியாற்றிய வேட்பாளரின் மூளையிலிருந்து அந்த நாட்களை மட்டும் சாறாகப் பிழிந்து, புட்டியில் அடைத்து, கவிகையின் கூரையில் படமாக ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு மனிதரின் நினைவில் அந்த மனிதர் தெரிவதில்லை, அவர் பார்த்தது மட்டுமே தெரியும். கையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் கையில் விண்ணுடைக் கையுறை. குரல்களையும் ரகசியச் சட்டப்படி ஒரே குரலாக மாற்றியிருப்பார்கள். அது விண்பேருந்து நிலைய அறிவிப்பாளரின் குரல்.

புட்டியைக் கருவியில் செருகுவது பூபாலனின் வேலை. தேர்தல் ஆணையத்தில் உதவி நினைவுத் தணிக்கையாளர், வயது இருபத்தெட்டு. எளிய வேலைதான். ஆனால் பிழை செய்தால் ஒரே தண்டனை, பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். பூபாலன் செவ்வாயில் பிறந்தவன். இங்கே அவன் எடை இருபத்து நான்கு கிலோ, பூமியில் அறுபத்து நான்கு. பூமியில் மாடிப்படி ஏற வேண்டுமென்றால் உண்மையிலேயே ஏற வேண்டும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவன் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவனாகிவிட்டான்.

அன்று காலை கருவியின் இடத் துளையில் மகுடேசனின் புட்டியும் வலத் துளையில் சௌந்தரவல்லியின் புட்டியும் இருந்தன. அவரவர் பெயர்ப்பலகை அந்தந்தத் துளைக்கு மேலே. மகுடேசன் கட்சியின் வாஸ்து நிபுணர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “இடப்பக்கம் எங்க தலைவருக்கு ஆகாது தம்பி. வலப்பக்கம் வைங்க.” சௌந்தரவல்லி கட்சியின் நிபுணரையும் கேட்டார்கள். அவர் கட்டங்களைப் பார்த்துவிட்டு, தங்கள் தலைவிக்கு இடப்பக்கமே உத்தமம் என்றார். இரு கட்சிகளும் ஒத்துப்போன அபூர்வமான தருணம் அது. அந்த நெகிழ்ச்சியில் பூபாலன் புட்டிகளை இடம் மாற்றினான். சரியாகச் செருகியிருக்கின்றனவா என்று இரண்டு முறை சரிபார்த்தான். பெயர்ப்பலகைகளை மாற்ற மறந்துவிட்டான்.

முதலில் கூரையில் ‘சௌந்தரவல்லி’ என்று எழுத்து ஒளிர்ந்தது. பள்ளத்தாக்கு விரிந்தது. புழுதி, நெருப்பு, ஒவ்வொன்றாக அணையும் ஊர்தி விளக்குகள். “தீப்பிடித்துவிட்டது, தீப்பிடித்துவிட்டது” என்று அறிவிப்பாளர் குரல், பயணிகளின் கனிவான கவனத்திற்குச் சொல்வதுபோல் சொன்னது. அடுத்து ‘மகுடேசன்’. ஒரு மேசை, ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு குவளைத் தேநீர். “சுடு” என்றது குரல். “படிவம் பதினேழில், மூன்று பிரதிகளில், கையொப்பத்துடன் உத்தரவை அனுப்பவும்” என்று அதே குரல் பதில் சொன்னது. பிறகு நாற்பது நிமிடம் தேநீர் குடிக்கும் காட்சி. நடுவில் ஒரு பிஸ்கட் தேநீருக்குள் மூழ்கிவிட, அதை மீட்க நடந்த முயற்சி மட்டும் நான்கு நிமிடம்.

படம் முடிந்தது. பிறகு மகுடேசன் கட்சிக்காரர் ஒருவர் மெல்லக் கைதட்டினார். அவர் தட்டிவிட்டாரே என்று பக்கத்திலிருந்தவர் தட்டினார். ஐந்து நிமிடத்தில் கூரை அதிர்ந்தது.

புட்டிகளைக் கழுவும்போதுதான் பூபாலன் அவற்றின் கழுத்தில் பொறித்திருந்த எண்களைப் பார்த்தான். முழங்கால் இரண்டும் இப்போதே வலிப்பதுபோல் இருந்தது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் தேர்தல். அவன் மனைவி மந்தாகினி சௌந்தரவல்லியின் தொண்டர். அவள் அண்ணன் அழகப்பன் மகுடேசன் கட்சியின் வட்டச் செயலாளர். இருவரும் ஒரே சாப்பாட்டு மேசையில்.

“பாத்தியாண்ணா எங்க தலைவிய? நாப்பது வண்டிக்கும் முன்னாடி போன வண்டி அவங்களோடது!”

“போனது சரி, முப்பத்தோரு வண்டியத் தொலைச்சிட்டுல்ல வந்திருக்கு. அதுக்கு ஒரு கைதட்டலு.”

“போருன்னா போகத்தான் செய்யும். உங்காளு என்ன கிழிச்சாரு? நாடே எரியுது, அவரு பிஸ்கட்டத் தேடிட்டு இருக்காரு.”

“அதுக்குப் பேருதான் நிதானம். மேற்குக் கவிகையில ஒன்பதாயிரம் பேரு குழந்தை குட்டியோட உயிரோட இருக்கான்னா அந்த பிஸ்கட்டாலதான் இருக்கான். என்ன மாப்ளே, நீயே சொல்லு.”

பூபாலன் சாம்பார் கேட்டான்.

வெள்ளிக்கிழமை புட்டிகளின் எண்களைத் தலைமைத் தணிக்கையாளர் சரிபார்ப்பார். அதற்குள் வேட்பாளர்களிடமே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மறுநாள் மகுடேசன் வீட்டுக்குப் போனான். வழியெங்கும் ‘நிதானத்தின் சிகரமே’ என்று சுவரொட்டி, மகுடேசன் கையில் ஆவி பறக்கும் குவளை.

அவர் கையில் உண்மையாகவே ஒரு குவளை இருந்தது. பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். பூபாலன் தொடங்குவதற்கு முன்பே அவர் தொடங்கிவிட்டார்.

“உக்காருங்க தம்பி. புட்டி மாறிப்போச்சு, அதானே? என் தலைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் சார் அங்கேயே சொல்லலை?”

“சொல்லத்தான் எந்திரிச்சேன். அதுக்குள்ள கைதட்டிட்டாங்க.” பிஸ்கட் ஒடிந்து குவளைக்குள் விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்திரண்டு வருஷமா படுத்ததும் எண்ண ஆரம்பிச்சிடுவேன் தம்பி. நாப்பதுல ஆரம்பிச்சா ஒன்பதுல வந்து நிக்கும். திரும்பவும் நாப்பது. நேத்துதான் எண்ணாமத் தூங்கினேன். டீ குடிச்சவன்னு ஊரே சொல்லுது. இருந்துட்டுப் போறேனே?”

பூபாலன் மன்னிப்பை மட்டும் கேட்டுவைத்தான். அவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வெளியே வந்து சௌந்தரவல்லிக்கு போன் செய்தான்.

“இதோ பாருங்க,” என்றார் சௌந்தரவல்லி. “அந்த நாப்பது நிமிஷமும் எனக்குப் பயம்தான். சுடவும் பயம், சுடாம இருக்கவும் பயம். அதான் படிவம் கேட்டேன். நேத்துலேர்ந்து காய்கறிக்காரர்கூட எனக்கு சல்யூட் அடிக்கிறார். நீங்க பேசாம இருங்க. எழுத்துல வேணும்னா மூணு பிரதியா அனுப்பறேன்.”

ஆனால் வெள்ளிக்கிழமை யாருக்காகவும் நிற்பதில்லை. தலைமைத் தணிக்கையாளர் வேதநாயகி புட்டியைக் கையில் எடுப்பதற்குள் பூபாலன் ஒப்பித்துவிட்டான்.

“வாஸ்துவா? வாஸ்து பார்த்தா புட்டியை மாத்தினே?”

“ரெண்டு கட்சியும் ஒத்துக்கிட்டாங்க மேடம்.”

“ரெண்டு கட்சியும் ஒத்துக்கிட்டப்பவே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நாளைக்குப் படத்தைத் திரும்பவும் ஓட்டு. தேர்தல் முடியட்டும், உன் கதையை அப்புறம் பேசலாம். நடந்து பழகிக்கோ.”

சனிக்கிழமை மீண்டும் முறுக்கு, மீண்டும் தைலம். பெயர்கள் தவறுதலாக மாறிவிட்டன, இதுதான் சரியானது என்று ஆணையம் அறிவித்தது. கலவரம் வெடிக்கும், முதல் கல் தன் மேல்தான் விழும் என்று பூபாலன் கருவிக்குப் பின்னால் குனிந்துகொண்டான். மகுடேசன் பெயரில் பள்ளத்தாக்கு ஓடியது. சௌந்தரவல்லி பெயரில் தேநீர் ஓடியது. பிஸ்கட் மூழ்கியது. உடனே இரு பக்கமும் கைதட்டியது. ஆனால் இந்த முறை சௌந்தரவல்லி கட்சிதான் குவளைக்கு எழுந்து நின்றது.

வீட்டில் சோறு ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

“பாத்தியா எங்க தலைவரை? நாப்பது வண்டிக்கும் முன்னாடி போன வண்டி அவரோடது!”

“முப்பத்தோரு வண்டியத் தொலைச்சிட்டு வந்ததுக்கு ஒரு கைதட்டலாண்ணா?”

“போருன்னா போகத்தான் செய்யும். உங்க தலைவியம்மா நாடு எரியறப்ப பிஸ்கட்டத் தேடிட்டு இருந்துச்சு.”

“அதுக்குப் பேருதான் நிதானம்!”

பூபாலனால் பொறுக்க முடியவில்லை. “மந்தா, செவ்வாய்க்கிழமை இதை அப்படியே உங்க அண்ணன் சொன்னார். அவர் இப்ப சொன்னதை அன்னிக்கு நீ சொன்னே.”

“அன்னிக்கு வெளிச்சம் பத்தலைங்க,” என்றாள் மந்தாகினி. “சரியாத் தெரியலை.”

“எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான் மாப்ளே,” என்றார் அழகப்பன். “தலைவர் குடிக்கிறது காபியாச்சேன்னு.”

குவளைச் சுவரொட்டிகளைக் கிழிக்கவில்லை. முகத்தின் மேல் முகத்தை ஒட்டினார்கள்.

தேர்தல் முடிந்தது. கிழக்குக் கவிகையில் எண்ணத் துடிப்பை அளந்துதான் கருத்துக்கணிப்பு எடுப்பார்கள், அதனால் அது தவறுவதில்லை. மண்டை திறப்பதற்கு முன் எடுத்த கணிப்பில் சௌந்தரவல்லிக்கு 4,609, மகுடேசனுக்கு 4,605. தவறான படம் ஓடிய பிறகும் 4,609, 4,605. சரியான படம் ஓடிய பிறகு நடந்த வாக்குப்பதிவில் சௌந்தரவல்லிக்கு 4,607, மகுடேசனுக்கு 4,605. மாறியது மூன்று பேர். அதில் இருவர், கட்சிக்கு ஒருவராக, வாக்களிப்பதற்கு முன் இயற்கை எய்தியவர்கள். ஒருவர்தான் உயிரோடு இருந்து மனம் மாறியவர். நாற்பதிலிருந்து ஒன்பது வரை தினமும் எண்ணுகிற மனிதர் இன்னொரு முறை அவசரப்பட மாட்டார் என்று தோன்றியதால் மகுடேசனுக்கு வாக்களித்தவர். மந்தாகினிக்கு இது தெரிந்தால் பூமியே தேவலை என்பதால் பூபாலன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் புதிய தலைவரின் உத்தரவு வீட்டுக்கு வந்தது. படிவம் பதினேழு, மூன்று பிரதிகள், மூன்றிலும் சௌந்தரவல்லியின் கையொப்பம். பூபாலன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்தான்.

“‘உதவித் தணிக்கையாளர் பூபாலன் செய்த பிழையால் ஒரு வாக்காளரின் முடிவும் மாறவில்லை என விசாரணையில் நிறுவப்பட்டதால் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்படுகிறார்.’”

“அப்பாடா!” என்றாள் மந்தாகினி.

“இன்னும் இருக்கு. ‘உண்மையைக் காட்டினாலும் மாற்றிக் காட்டினாலும் ஒரே முடிவு வருவதால் நினைவுப் பிழிவுக் கருவி தேவையற்றது என்பதும் அதே விசாரணையில் நிறுவப்பட்டது. கருவியும் அதைச் சார்ந்த பணியிடமும் நீக்கப்படுகின்றன. எந்தக் கருவியும் இல்லாமல், தலைவர் பேசுவதற்கு முன்பே அவரை நம்புவதா வேண்டாமா என முடிவு செய்துகொள்ளும் முறையைப் பூமியில் மக்கள் பன்னெடுங்காலமாகச் செம்மையாகப் பின்பற்றி வருவதாக அறிகிறோம். திரு. பூபாலன் ஐந்தாண்டுகள் அங்கே தங்கி அதைக் கற்று வர வேண்டும். இது தண்டனை அன்று, பயிற்சி.’”

“பாத்தியா?” அழகப்பன் மேசையைத் தட்டினார். “என் மாப்ளைய நாடு கடத்திட்டா உங்க தலைவி!”

“நாடு கடத்துறதா? மேற்படிப்புண்ணா அது,” என்றாள் மந்தாகினி. “அவங்க ஒரு முடிவு எடுத்தா அதுல ஆயிரம் காரணம் இருக்கும்.”

“மந்தா,” என்றான் பூபாலன், “இதுல மகுடேசன் கையெழுத்துப் போட்டிருந்தா?”

“போட்டிருந்தா அந்தாளு வீட்டு வாசல்ல போய் உக்காந்திருப்பேன். நீங்க என்ன இளிச்சவாயனா, நாடு கடத்துறதுக்கு?”

“அவரு போட்டிருந்தா அது மேற்படிப்பு,” என்றார் அழகப்பன்.

பூபாலன் சாம்பார் கேட்டான்.

“அடுப்படியில இருக்கு, எந்திரிச்சுப் போய் எடுத்துக்கங்க,” என்றாள் மந்தாகினி. “பூமிக்குப் போனா நடக்கணும்ல.”