நெடில் ஒரு அடி, குறில் ஒரு அடி

'க்ரக்!'

காலுக்கடியில் அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்குக்கண்ணாடி! அவளுடைய இடது ஷூவின் தடித்த அடிப்பாகத்துக்குக் கீழே சுக்குநூறாக...

"அது என் கண்ணுங்க..." என்றது ஒரு குரல்.

அவன் முழங்காலிட்டு ஈரத்தரையைத் தடவிக்கொண்டிருந்தான். மழைக்கு ஒதுங்க ஓடிவந்தவன், கடையைத் திறந்துகொண்டிருந்த அவள் மேல் மோதியதில் கண்ணாடி தெறித்து விழுந்திருந்தது.

"பார்த்து வரக்கூடாதா சார்?"

"பார்க்கறதுக்குத்தாங்க அதை மாட்டியிருந்தேன். அதுமேலயே ஏறி நின்னுகிட்டு கேக்குறீங்களே!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நல்ல இடமாப் பார்த்துத்தான் விழுந்திருக்கீங்க. இது கண்ணாடிக் கடை. உள்ள வாங்க."

கண் பரிசோதிப்பதுதான் அங்கே அவள் வேலை. அவன் நெற்றியை மெஷினில் பதிய வைத்தாள். நனைந்த இமைகள்... எதன் மேலும் நிற்கத் தெரியாமல் அலையும் பெரிய கண்கள்...

"எழுத்து தெரியுதா?"

"தெரியலை. ஆனா நீங்க சிரிப்பை அடக்குறது கேக்குது."

"வாயை மூடிக்கிட்டுச் சொல்லுங்க."

"அது எப்படிங்க முடியும்?"

மைனஸ் ஆறு பவர். எட்ட நிற்கிற ஆள் அவனுக்கு வெறும் புகை. அந்த நினைப்பே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பிறவியிலேயே அவளுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. ஷூவின் அடியை உயர்த்தித் தைத்தும், ஒரு பக்கம் சரிந்துதான் நடப்பாள். அது பழகிப்போன விஷயம். பழகாதது, அந்தப் பாட்டு.

'ஒரு அடி நெடில்... ஒரு அடி குறில்... சரிஞ்சு வா! சரிஞ்சு வா!'

யாரோ ஒரு ராப் பாடகன். வந்த புதிதில் அந்தப் பாட்டை நாய்கூடச் சீண்டவில்லை. அப்புறம் அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இடது தோளைச் சரித்து, காலை இழுத்து ஒரு எட்டு, தாங்கி ஒரு எட்டு என்று ஆடிய துண்டு வீடியோவைப் போட்டான். அவ்வளவுதான்! பள்ளிக்கூட வாசல், கல்யாண மேடை, பஸ் நிறுத்தம்... ஊரே சரிந்தது. அவளுக்குப் பின்னால் வருகிறவர்கள் பாட்டுக்கு ஆடுகிறார்களா, அவளைப் பழிக்கிறார்களா? திரும்பினால் போன் காமிரா. வீட்டில் தங்கைகூட ஒருநாள், "அக்கா, இந்த ஸ்டெப்பைப் பாரேன்!" என்று ஆரம்பித்தவள், பாதியில் திகைத்து, தூக்கிய காலைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றாள்.

அன்றிலிருந்து தெரு காலியானால்தான் அவள் இறங்கி நடப்பாள்.

புதுக் கண்ணாடி தயாரானதும் அவனுக்கு மாட்டிவிட்டாள். பிறகு வேண்டுமென்றே அலமாரி வரை நடந்து போய் வந்தாள். முதல் தடவை பார்ப்பவர்கள் முகத்தில் ஓடும் அந்தச் சின்ன அதிர்ச்சி... அவன் முகத்தில் இல்லை. பரிதாபமும் இல்லை.

அந்த இடத்தில்தான் அவள் அவனிடம் விழுந்தாள்.

மறுபடி வந்தான். "ஸ்க்ரூ லூஸுங்க."

"கண்ணாடிக்கா, உங்களுக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

வேலை என்னவென்று கேட்டால், "ஏதோ ஸ்டுடியோல எடுபிடி" என்று மழுப்புவான். மூக்குப் பிடி அழுத்துகிறது என்பான், காதோரம் உறுத்துகிறது என்பான்... வந்துகொண்டே இருந்தான். "அந்த ஸ்க்ரூ லூஸு இன்னைக்கும் வந்தாரா?" என்று தங்கை சீண்டினால் அவளுக்குக் காது மடல் சூடாகும்.

ஒருநாள் சாயங்காலம், வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, கடையடைக்கும் நேரத்தில் வந்தான்.

"பவரோட ஒரு கறுப்புக் கண்ணாடி சொல்லியிருந்தேனே..."

மாட்டிவிட்டாள். விரல்கள் அவன் பொட்டில் பட்டு மீண்டன. மட்டம் சரியாக இருக்கிறதா என்று ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

எல்லாருடைய போனிலும் இருக்கிற முகம்!

"நீங்களா...?"

"நானே சொல்லணும்னுதான்..."

"அந்த ஸ்டெப் எங்கேயிருந்து எடுத்தீங்க?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"எதிர் மாடிதான் என் ரூம். காலைல நீங்க நடந்து வர்ற சத்தம்... அதுதாங்க பாட்டோட தாளம். ஜன்னல்லேருந்து பார்த்த உங்க நடைதான் ஸ்டெப். சத்தியமா கேலி இல்லை. அவ்வளவு அழகா இருந்துச்சு. அன்னைக்கு மழையிலகூட, கண்ணாடி இல்லாமலே, நீங்கதான்னு சத்தத்தை வச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அதிர்ச்சி காட்டாத முகம்... அதைக் காதல் என்று நினைத்தாளே! அது ஏற்கெனவே ஒத்திகை பார்த்த முகம்.

"நாளைக்கு அடுத்த வீடியோ எடுக்கறோம். நீங்களும் வாங்க. சேர்ந்து ஆடலாம். இது உங்க நடைன்னு ஊருக்கே சொல்றேன். எல்லாரும் உங்களைக் கொண்டாடுவாங்க!"

அவன் கண்களில் கள்ளமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கொண்டாடுவாங்க... என் பின்னாடியே வந்து."

"நான் உங்களைக் காதலிக்கிறேங்க."

"நானுந்தான்." கண் பவரைப் படித்துச் சொல்வதுபோலச் சொன்னாள். "நீ கதவைத் திறக்கிறப்போல்லாம் எனக்கு நெஞ்சு கிடந்து அடிச்சுக்கும். இன்னைக்கும்தான். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக்கிட்டியே... ரோட்டைக் கடக்க எனக்குன்னு இருந்தது அந்த ஒரு நடைதான்யா."

"வீடியோவை அழிச்சிடறேன்! இப்பவே!"

"உன்னோடதை அழிப்பே. ஊர்ல ஆடுறவங்க காலையெல்லாம் என்ன பண்ணுவே?"

எடுத்த போனை அவன் பைக்குள் போட்டான். வெளியே வந்து அவள் ஷட்டரை இறக்கிப் பூட்டும்வரை பக்கத்திலேயே நின்றான்.

"ஒரு உதவி செய்வியா?"

"என்ன வேணா சொல்லுங்க..."

"ஷட்டரைப் பார்த்துத் திரும்பி நில்லு. நான் தெருமுனை தாண்டற வரைக்கும் என்னைப் பார்க்காதே."

திரும்பினான்.

அவள் மழையில் இறங்கினாள். ஒவ்வொரு எட்டுக்கும் இடது தோள் சரிந்து எழுந்தது. பாதித் தெருவில் மனசு கெஞ்ச ஆரம்பித்தது... திரும்பிடுடா. ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேக்காதே...

முனையில் நின்று பார்த்தாள்.

அவன் ஷட்டரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தான். தோள்கள் குலுங்கின. திரும்பவில்லை.

கேட்காமலே அவள் நடையை எடுத்துக்கொண்டவன், கேட்டபோது மறுக்காமல் கொடுத்துவிட்டான்.

பாவி...!

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.